யார் கையால் செய்து பார்த்தது என்று கேட்ட செலின்

அன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் என் பேத்தி தர்ஷினியின் படம். ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போய்விட்டால் அவள் என்னைக் கூப்பிடுவதே கிடையாது. ஈரக் கையோடு எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"என்னடி ஆச்சு? கண்ணுல பட்டுடுச்சா? கையிலயா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, வரேன்" என்று கத்தினேன். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல அம்மாயி. செலின் மேடம்... ஊருக்குப் போனாங்கல்ல... தூக்கத்துலயே போயிட்டாங்களாம். அவங்க அண்ணன் இப்பத்தான் சொன்னாரு."

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேத்திக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவசரப்பட்டால் இனிமேல் என் பேத்தியை யார் நிறுத்துவார்கள்? அதை நினைத்துத்தான் முதலில் அழுதேன். செலினுக்காக அழுதது அதற்குப் பிறகு.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் நூலகர். எந்த ஊர் ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டுமென்றாலும் தோண்டி எடுத்துத் தருகிறவள். எனக்கு அவள் மாடியில் குடியிருந்தவள். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தேடிப் பார்த்தேன் பெரியம்மா, சரியான ஆதாரம் கிடைக்கல" என்பாள். நூலகத்துப் பிள்ளைகள் வந்து, அவள் நினைவு மலருக்கு நீங்களும் நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுதத் தெரியும், கோர்வையாக வருமா என்று தெரியாது. மனசில் வந்தபடி எழுதுகிறேன்.

அவள் வீடு பார்க்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். பெயின்டர் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பெயின்ட்டில் கலக்கும் தின்னரை ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் டம்ளர் மெழுகு மாதிரி குழைந்து, அடி விட்டுப்போய், தின்னர் தரையெல்லாம் ஓடியது. ஒரே நெடி. நான் தெருவில் போய் நின்றுகொண்டு, கேஸை அணையுங்கள், கரண்டை நிறுத்துங்கள் என்று கூப்பாடு போட்டேன். அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்த செலின், நேராக மாடி ஏறி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க ரொம்பப் பயப்படுவீங்களோ?"

"பொறந்ததுலேர்ந்து அப்படித்தாம்மா."

"அப்ப எனக்கு இந்த வூடே போதும். பயப்படற வீட்டுக்காரம்மாதான் மோட்டாரை ஒழுங்கா நிறுத்துவாங்க."

அந்த மோட்டாருக்காகவே நாங்கள் பிறகு எத்தனையோ சண்டை போட்டோம். தொட்டி நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் மேலே பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். கருவேப்பிலையைக் கேட்காமல் பறிப்பாள். மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எனக்கு வரும், அதனால் கருவேப்பிலையைப் பற்றி நானும் கேட்கமாட்டேன்.

தர்ஷினி என் மகள் வயிற்றுப் பேத்தி, என்னோடு தங்கித்தான் படிக்கிறாள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் அவர்களுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. எங்கள் பக்கத்து வம்சத்திலேயே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற முதல் ஆள் அவள்தான். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. "பெரியம்மா பஸ்ல ஏறினா டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே கண்டக்டருக்குப் பேத்தி கதை தெரிஞ்சுடும்" என்று செலின் கேலி செய்வாள். உண்மைதான். ஆனால் பெருமை எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்குப் பயமும் இருந்தது. அந்தக் கூடத்தில் என்னென்னவோ பாட்டில்கள் இருக்கின்றன என்பாள். காலையில் அவள் செருப்பு மாட்டுவதிலிருந்து மாலையில் கேட் திறக்கிற சத்தம் வரைக்கும் வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவள் ஆராய்ச்சி எங்கள் முந்திரி மரத்தைப் பற்றியதுதான். சில மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகின்றன, பக்கத்து மரம் பச்சையாக நிற்கிறது. ஏன் என்று பார்க்க இலையிலிருந்து டி.என்.ஏ. என்கிற ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டுமாம். முந்திரி இலையோ பிசினும் துவர்ப்புமாக இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் பழுப்பாகச் சளி மாதிரி வருகிறது, வேறெதுவும் வரவில்லை. பல நாள் அப்படியே போய், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

குழம்புக் கிண்ணத்தோடு இறங்கி வந்த செலின் அதைப் பார்த்துவிட்டாள்.

"இந்த இலையோட மல்லுக்கட்டினவங்க உலகத்துல எங்கயாவது இருப்பாங்க. செஞ்சு, எழுதியும் வச்சிருப்பாங்க. தேடினியா?"

"தேடினேன் மேடம். முந்திரின்னு போட்டா கொட்டைய வறுக்கறதுதான் வருது."

"கொட்டைய ஏன்டி தேடற? செடியோட அறிவியல் பேரைப் போடு. அதுல வரலன்னா அதோட சொந்தக்காரங்களைப் போடு. மாமரம் இதுக்குப் பங்காளி. மா இலையில செஞ்சவங்க உனக்கும் வழி சொல்லுவாங்க."

அன்றைக்கு எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கட்டுரையின் தலையில் இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, கிடைத்துவிட்டது என்று தர்ஷினி குதித்தாள். "மேல படிச்சுட்டு ஆடாத. கீழ செய்முறைன்னு ஒரு பகுதி இருக்கும், அங்க இறங்கு" என்றாள் செலின். பணம் கட்டினால்தான் திறக்கும் கட்டுரைகளுக்கு, எழுதியவர்களுக்கே நேரே மடல் அனுப்பிக் கேட்பாள். "கேட்டா சந்தோஷமா அனுப்புவாங்க. தான் எழுதினதை ஒருத்தர் படிக்கக் கேட்கறாங்கன்னா யாருக்குத்தான் கசக்கும்?" பிரேசிலில் இருந்து ஒருவர் அனுப்பியும் வைத்தார். பிரேசிலிலும் முந்திரி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் செலின் கொண்டுவந்த ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்கள் யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள். தர்ஷினி புதிதாக எந்தச் செய்முறையைத் தொடங்குவதாக இருந்தாலும், அதை முதலில் எனக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். என்ன எடுப்பாய், எதில் ஊற்றுவாய், எவ்வளவு நேரம், கையில் என்ன போட்டிருப்பாய், எல்லாம். எனக்கு எங்கே பயம் வருகிறதோ அங்கே "நில்லு" என்று சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒரு எழவும் புரியாதே செலினு, என்னை எதுக்கு உக்கார வைக்கற?"

"தெரிஞ்சவங்க விட்ட இடத்தை மனசுலயே நிரப்பிக்கிட்டுப் போயிடுவாங்க பெரியம்மா. நீங்க நிரப்பமாட்டீங்க, பயப்படுவீங்க. உங்க பயம் எனக்கு வேணும்."

என் பயத்தை ஒருத்தரும் அதுவரை வேண்டும் என்று கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார், அவ்வளவுதான்.

முதலில் எல்லாவற்றுக்கும் நில்லு என்றேன். குளோரோஃபார்ம் என்று அவள் படித்ததும் எழுந்தே விட்டேன். சினிமாவில் கைக்குட்டையில் போட்டு மூக்கில் வைப்பார்களே, அதுவா என்று கேட்டேன். அதேதான் என்றாள். "வேணாம்டி, நீ பி.எட். படி" என்றேன். செலின் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு, புகையை இழுக்கும் கூண்டுக்குள் வைத்துத்தான் அதைத் திறப்பார்கள், கையுறையும் கண்ணாடியும் போடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். கொஞ்சம் உட்கார்ந்தேன்.

தர்ஷினி மேலே படித்தாள். வழக்கமாக விரல் நுனி அளவுச் சின்னக் குழாயில் செய்வார்களாம். முந்திரிக்கு இலை நிறையத் தேவை என்பதால் இந்தக் கட்டுரையில் பெரிய குழாயில் செய்திருக்கிறார்கள். இலைக் கரைசலோடு அந்த மருந்தைச் சேர்த்து, மூடி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்களாம்.

"நில்லு" என்றேன். "குழாய்ன்னா எதுல செஞ்சது? பிளாஸ்டிக்கா?"

"ஆமா அம்மாயி."

"தின்னர் ஊத்தின டம்ளர் மாதிரி ஆயிடாதா?"

தர்ஷினி கட்டுரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். என்ன குழாய் என்று அதில் இல்லை. முன்பு விவரித்த முறைப்படி செய்தோம் என்று போட்டு, வேறொரு கட்டுரையின் பெயர் இருந்தது. அதைத் திறந்தால் அதிலும் அதே வாசகம், வேறொரு பெயர். அதையும் திறந்தார்கள். அங்கேயும் முன்பு விவரித்தபடிதான்.

"எல்லாரும் செய்யறதுதான் மேடம். பிரச்சினைன்னா சொல்லியிருப்பாங்களே" என்றாள் தர்ஷினி.

செலினுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "உனக்கு மாப்பிள்ளை பார்த்தா உங்க அம்மாயி என்ன செய்வாங்க? பையன் நல்லவன்னு ஒருத்தர் சொன்னாரு, அவருக்கு இன்னொருத்தர் சொன்னாரு, அவருக்கு வேற யாரோ சொன்னாங்கன்னா பொண்ணு குடுத்துடுவாங்களா? அரியலூர்லேர்ந்து திருமானூர் வரைக்கும் விசாரிப்பாங்க. கண்ணுல தெறிக்கற மருந்துக்கு அந்த விசாரணை வேணாமா? இதை முதல்ல யாரு கையால செஞ்சு பார்த்தாங்க? அவங்களைக் கண்டுபிடி. அதுவரைக்கும் தொடாத."

அந்த முதல் ஆளைத் தேடி இரண்டு பேரும் ஒவ்வொரு கட்டுரையாகப் பின்னோக்கிப் போனார்கள். கடைசியில் ஒரு பழைய ஆய்விதழில் வந்து நின்றது. அந்தக் காலத்து இதழ், இணையத்தில் ஏறவில்லை. கோயம்புத்தூரில் வேறொரு நூலகத்தில் வேலை பார்க்கும் தன் தோழியிடம் செலின் சொல்லி வைத்தாள். கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்றார் அந்தத் தோழி.

அதற்குள் செலின் ஊரில் மாதா கோயில் திருவிழா வந்தது. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று சொன்னாள். "தேரை மட்டும் பார்த்துட்டு வந்துடறேன் பெரியம்மா. தோழி அனுப்பினதும் சேர்ந்து படிப்போம். அதுவரைக்கும் இவளை அந்த மிஷினைச் சுத்த விடாதீங்க. மீறினா வாசல்ல குறுக்கப் படுத்துடுங்க. உங்களைத் தாண்ட மாட்டா."

"போயிட்டு வா. மோட்டார் சண்டைக்கு ஆள் இல்லாம எனக்குப் பொழுது போவாது" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்கு நானும் தர்ஷினியும் பஸ் மாறி மாறிப் போனோம். உங்களில் நிறைய பேர் வந்திருந்தீர்கள். நல்ல புடவை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். தேருக்குக் கட்டிய தோரணம் தெருவில் இன்னும் அவிழ்க்காமல் கிடந்தது. அவள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தித்தாம்மா பேசிக்கிட்டே இருந்தா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தர்ஷினிக்கு அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு சாரிடமிருந்து செய்தி வந்தது. அவர் கெட்டவர் இல்லை. சுழலும் இயந்திரம் பழுதுபார்க்கப் போகிறது, வர நாளாகும், நாளைக்கே செய்து முடித்துவிடு என்று எழுதியிருந்தார். அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"செலின் வேணாம்னு சொல்லிட்டுப் போனாளேடி."

"அவங்கதான் இல்லையே அம்மாயி. இனிமே யாரு தேடுவா? சார் சொல்றாரு, கட்டுரையில வந்திருக்கு, மூணு நாலு பேரு செஞ்சிருக்காங்க. என்னால இன்னும் எவ்வளவு நாளு நிறுத்த முடியும்?"

எனக்கு என்ன தெரியும்? ஒரு டம்ளர் உருகியது தெரியும். ஜன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்புகள் போய்க்கொண்டே இருந்தன. இந்த இலைக்காக இவள் கண்ணைக் கொடுக்க வேண்டுமா என்று நினைத்தேன். தெறித்தால் என்ன ஆகும் என்று என் மனசு ஒவ்வொன்றாகக் காட்டியது. கண்ணை மூடினாலும் அதே காட்சிதான்.

"நான் வாசல்ல குறுக்கப் படுப்பேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாக மாறியது. என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். செலின் ஒருமுறை கோயம்புத்தூர்த் தோழியோடு இவளைப் பேச வைத்திருந்தாள், அந்த எண் இவளிடம் இருந்தது. கூப்பிட்டாள். பஸ் இரைச்சலில் எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஏம்மா, உங்க மேடம் எங்க? நேத்து அந்தக் கட்டுரையை அனுப்பினேன், பார்க்கவே இல்ல. கூப்பிட்டாலும் எடுக்கல. திருவிழாவுல என்னை மறந்துட்டாளா?"

அந்த அம்மாளுக்குச் சேதி தெரிந்திருக்கவில்லை. தர்ஷினிதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். "உனக்கு அனுப்பறேன்மா. நல்லாப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தோம். செலின் உட்காரும் நாற்காலியை ஒருவரும் இழுக்கவில்லை. போனில் வந்த படங்களைப் பெரிதாக்கித் தர்ஷினி தமிழில் படித்தாள். முதல் ஆள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். எந்தப் பருவத்து இலை, எப்படி அரைப்பது, அரைக்கும்போது பழுப்பாகாமல் இருக்க என்ன சேர்ப்பது. அவசரமில்லாத ஆள் போலிருக்கிறது. குழாய் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினியின் குரல் நின்றுவிட்டது.

"என்னடி?"

அவள் மெதுவாகப் படித்தாள். பால் நிறத்தில் மங்கலாக இருக்கும் பிளாஸ்டிக் குழாய்களையே பயன்படுத்தவும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்களைக் குளோரோஃபார்ம் அரித்து விரிசல் விடச் செய்யும். எங்களிடம் ஒன்று இயந்திரத்துக்குள் சுழலும்போதே உடைந்தது.

"உங்ககிட்ட இருக்கறது எதுடி?"

"தெளிவா இருக்கறது அம்மாயி. உள்ள இருக்கறது நல்லாத் தெரியுதேன்னு அதைத்தான் கழுவி எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், அவள் இரண்டு கையாலும் தன் கண்களைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் சாரிடம் காட்டியிருக்கிறாள். அவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, "இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்மா" என்றாராம். தெளிவான குழாய்களை எல்லாம் அந்த மருந்து இருக்கும் மேசையிலிருந்து எடுத்து வேறு அலமாரியில் வைக்கச் சொல்லி, மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னாராம். பால் நிறக் குழாய்கள் வந்தன, இயந்திரமும் பழுது நீங்கி வந்தது. முந்திரி இலையிலிருந்து வெள்ளையாக, நூல் மாதிரி ஒன்று வந்ததைப் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். அதுதான் அந்த டி.என்.ஏ.வாம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்டக்டரிடம் சொல்லியாகிவிட்டது.

மாடியைக் காலி செய்ய செலினின் அண்ணன் வந்தபோது, ஏதாவது நினைவாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். குழம்புக் கிண்ணம் என்னிடம்தான் இருந்தது, திருப்பிக் கொடுக்காமலே வைத்துக்கொண்டேன். கருவேப்பிலை இப்போது பறிக்க ஆளில்லாமல் முற்றிப்போகிறது.

ஆனால் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. இன்றைக்கும் தர்ஷினி புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் மேசையில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டுகிறாள். அது யார் கையால் செய்து பார்த்தது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறாள். செலின் மாதிரியே சொல்கிறாள், அதே இழுப்பு. இன்று காலையும் படித்தாள். ஏதோ அமிலம் என்றாள். நில்லு என்றேன். நின்றாள். கேட்டேன், சொன்னாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். இதை எழுதும்போதும் கேட் சத்தத்துக்குத்தான் காது வைத்திருக்கிறேன். என் பயம் போகவில்லை செலின். அது வேண்டும் என்று நீதானே கேட்டாய், பத்திரமாக வைத்திருக்கிறேன்.